நாட்செஸ் டிரேஸில் முதல் பைக் பயணம்: வின்ட்ஸர் தூண்களைப் பார்த்துவர என்னென்ன வேண்டும்?

அமெரிக்காவில் பைக் வாடகைக்கு எடுக்கப் போயிருந்தேன். கடைக்காரர் என் லைசென்ஸை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "எம் எங்கே?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஊரில் பதினைந்து வருடம் வண்டி ஓட்டியவன் நான். மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. அந்தக் கதை அவருக்கு எதற்கு? என் டென்னசி லைசென்ஸில் கார் ஓட்டும் வகுப்பு மட்டும் இருந்தது. பைக்குக்கான 'எம்' இல்லை. முன்பணத்தில் 100 டாலரைப் பிடித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். போட்ட லீவும் வீண்.

ஐந்து மாதம் கழித்துத்தான் அந்தப் பயணம் அமைந்தது. நடுவில் பட்ட அலைச்சலை நீங்களும் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் பக்கம், அதனால் டென்னசி விதிகளைச் சொல்கிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் லைசென்ஸ் பகுதியை மட்டும் உங்கள் ஊர் விதியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் எல்லோருக்கும் பொது.

பயணம் இதுதான். நாஷ்வில் அருகே தொடங்கி டென்னசி, அலபாமா, மிசிசிப்பி என்று மூன்று மாநிலங்கள் வழியாக நாட்செஸ் ஊர்வரை 444 மைல் நீளும் நாட்செஸ் டிரேஸ் பார்க்வே. தேசியப் பூங்காத் துறையின் சாலை. லாரி கிடையாது, விளம்பரப் பலகை கிடையாது, சிக்னல் கிடையாது, நுழைவுக் கட்டணமும் கிடையாது. தென்கோடிக்குக் கொஞ்சம் முன்னால் விலகிப் போனால் வின்ட்ஸர் என்ற மாளிகையின் இடிபாடு. மாளிகை எரிந்துபோய், தூண்கள் மட்டும் காட்டுக்கு நடுவில் நிற்கின்றன.

1. முதலில் அந்த 'எம்'

கிளம்பும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள். டென்னசியில் குடியேறி 30 நாளுக்குள் இங்கத்திய லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். கார் லைசென்ஸ் ஏற்கெனவே இருந்தால் அதோடு எம் வகுப்பைச் சேர்க்கவேண்டியதுதான். அதற்கு இரண்டு வழி. ஒன்று, லைசென்ஸ் அலுவலகத்தில் எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் எழுதுவது. ஆனால் ஓட்டுநர் தேர்வுக்கு வண்டியை நீங்களே கொண்டுபோக வேண்டும். வண்டியே இல்லாதவன் எங்கே போவான்?

இன்னொரு வழி, மாநிலம் அங்கீகரித்த பைக் பயிற்சி வகுப்பு. இதை முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டால் இரண்டு தேர்வுமே தேவையில்லை. வண்டியையும் ஹெல்மெட்டையும் அவர்களே தருவார்கள். நான் கட்டியது 325 டாலர். வார இறுதியில் நடக்கும். வகுப்புப் பாடம் சுமார் ஐந்து மணி நேரம், திடலில் ஓட்டுவது பத்து மணி நேரம். ஏப்ரல், மே மாதங்களில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. எனக்கு ஐந்து வாரம் கழித்துத்தான் கிடைத்தது.

கணுக்காலை மூடும் ஷூ, முழு விரல் கையுறை, முழுக்கைச் சட்டை, ஜீன்ஸ், கண்ணாடி எல்லாம் நீங்களே கொண்டுபோக வேண்டும். என்னோடு வந்த ஒருவர் சாதாரண ஓட்ட ஷூவில் வந்தார். திருப்பி அனுப்பிவிட்டார்கள், பணமும் வராது.

நமக்கெல்லாம் வண்டி ஓட்டத் தெரியும், அதில் என்ன பாடம் என்று அசட்டையாகப் போகாதீர்கள். ஊர்ப் பழக்கம்தான் இங்கே எதிரி. முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவோம் என்று நமக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், காலை மட்டும் நம்பி ஓட்டுகிறோம். இங்கே இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் குறித்த தூரத்துக்குள் நிற்கவேண்டும். அப்புறம் அந்த யு-டர்ன் கட்டம். தரையில் வரைந்த பெட்டிக்குள்ளேயே வண்டியை முழுசாகத் திருப்பவேண்டும். நான் முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நாலு தடவை கோட்டைத் தாண்டினேன். "தரையைப் பார்த்தால் தரைக்குத்தான் போவாய்" என்று கத்தினார் பயிற்சியாளர். தாடையைத் தோள்பக்கம் திருப்பி, போகவேண்டிய இடத்தைப் பார்த்தேன். வண்டி தானாகச் சுற்றிக்கொண்டது. இறுதித் தேர்வில் வண்டியைக் கீழே போட்டால் அவ்வளவுதான், இன்னொரு நாள்.

சான்றிதழோடு லைசென்ஸ் அலுவலகம் போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: பாஸ்போர்ட், விசா, ஐ-94 (எதுவரை இங்கே தங்கலாம் என்று காட்டும் நுழைவுப் பதிவு), எச்-1பி வேலை விசா என்றால் ஐ-797 ஒப்புதல் கடிதம், சமூகப் பாதுகாப்பு அட்டை, டென்னசி முகவரிக்கு இரண்டு சான்று. வீட்டு ஒப்பந்தமும் வங்கி அறிக்கையும் போதும். இரண்டிலும் முகவரி ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் அபார்ட்மென்ட் எண் விட்டுப்போயிருந்ததால் எனக்கு ஒரு நாள் போயிற்று.

விசாவில் இருப்பவர்களின் லைசென்ஸ் ஐ-94 தேதியோடு முடிந்துவிடும். நீட்டிப்பு வரப்போகிறது என்றால், அது வந்து லைசென்ஸைப் புதுப்பித்த பிறகு பயணத் தேதியைப் போடுங்கள். மூன்று வாரத்தில் காலாவதியாகும் லைசென்ஸை நீட்டினால் வாடகைக் கடையில் முகம் சுளிக்கிறார்கள்.

2. ஊரிலிருந்து சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு

தம்பியோ மச்சானோ விடுமுறைக்கு வந்து உங்களோடு ஓட்ட ஆசைப்பட்டால், அவர்கள் இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன்பே சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துவிட வேண்டும். இங்கே வந்தபிறகு எடுக்க முடியாது. பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கலாம். கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். பாஸ்போர்ட், விசா, இந்திய லைசென்ஸ், புகைப்படம் தேவை.

கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பைக்குக்கு 'ஏ' பிரிவில் முத்திரை இருக்கவேண்டும். கார் ஓட்டத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து 'பி'யில் மட்டும் குத்திக் கொடுத்துவிடுவது உண்டு. என் மச்சானுக்கு அதுதான் நடந்தது. ஐந்து நாளும் பின்னால் காரில் வந்தார். எங்கள் பைகளைச் சுமக்க அது உதவியாகத்தான் இருந்தது, அதை அவரிடம் சொல்லாதீர்கள். அனுமதிப் புத்தகம் மட்டும் செல்லாது, ஊர் லைசென்ஸ் அட்டையும் கையில் இருக்கவேண்டும்.

3. வண்டியை வாடகைக்கு எடுப்பது

பெரும்பாலான கடைகளில் 21 வயது ஆகியிருக்கவேண்டும். பெரிய வண்டிகளுக்கு இன்னும் கூடுதல் வயது கேட்பார்கள். பழகுநர் பர்மிட்டுக்குத் தரமாட்டார்கள். டெபிட் கார்டு வேண்டாம் என்பார்கள். உங்கள் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். வண்டி எடுக்கும்போது வைப்புத்தொகையாக ஒரு தொகையை அதில் பிடித்துவைப்பார்கள். எனக்கு 1,000 டாலர். புதிதாக வந்தவர்களின் கார்டில் வரம்பே 1,500, 2,000 என்றுதான் இருக்கும். வைப்புத்தொகை போக ஹோட்டலுக்கு மிச்சம் இருக்குமா என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

அமெரிக்கா வந்தால் ஹார்லியில்தான் போகவேண்டும் என்று ஒரு கனவு இருக்கும். முதல் தடவை அது வேண்டாம் என்பேன். 350 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியைச் சரளைக்கல்லில் திருப்பி நிறுத்துவது வேறு வித்தை. இந்தச் சாலையில் வேக வரம்பே மணிக்கு 50 மைல்தான். நான் எடுத்தது 500 சிசி வண்டி, நாளுக்கு 110 டாலர். பெரிய டூரிங் வண்டிகளுக்கு இதைப்போல இரண்டு மடங்கு ஆகும்.

ஒப்பந்தத்தில் நாளுக்கு எத்தனை மைல் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். எனக்கு 200 மைல், தாண்டினால் மைலுக்கு இவ்வளவு என்று. போகவர 900 மைலைத் தாண்டும் பயணம் இது. ஐந்து நாளுக்கு எடுத்ததால் தப்பித்தேன். நாட்செஸிலேயே வண்டியை விட்டுவிட்டு வரலாமா என்று விசாரித்தேன். அந்தச் சின்ன ஊரில் விட வழியில்லை.

4. இன்சூரன்ஸ்: நிறையப் பேர் ஏமாறும் இடம்

கிரெடிட் கார்டிலேயே வாடகை வண்டிக் காப்பீடு இருக்கிறது என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். அது காருக்கு. பெரும்பாலான கார்டுகள் பைக்கை வெளிப்படையாகவே விலக்கியிருக்கின்றன. உங்கள் கார் இன்சூரன்ஸும் பொதுவாக வாடகை பைக்கை ஏற்காது. இரண்டு இடத்துக்கும் போன் செய்து கேட்டுவிடுங்கள், பத்து நிமிட வேலை.

டென்னசி, அலபாமா, மிசிசிப்பி மூன்றிலும் குறைந்தபட்ச பொறுப்புக் காப்பீடு ஒன்றேதான்: ஒரு ஆளுக்கு 25,000 டாலர், ஒரு விபத்துக்கு 50,000, பொருள் சேதத்துக்கு 25,000. வாடகையோடு சேர்ந்துவருவது பெரும்பாலும் இந்தக் குறைந்தபட்சம்தான். அடுத்தவருக்கு நீங்கள் செய்யும் சேதத்துக்கு மட்டும் அது. வண்டிக்கு ஏதாவது ஆனால் தனியாக எடுக்கும் சேதக் காப்பு வேண்டும். நான் நாளுக்கு 30 டாலர் கொடுத்து எடுத்தேன். அதிலும் முதல் இவ்வளவு டாலர் உங்கள் பொறுப்பு என்று ஒரு தொகை இருக்கும், அதைக் கேளுங்கள். உங்கள் உடம்புக்கு இது எதுவும் பொறுப்பில்லை. அதற்கு அலுவலக மருத்துவக் காப்பீடுதான். பெற்றோருக்கோ மச்சானுக்கோ எடுத்த பயணக் காப்பீட்டில் பைக் விபத்து விலக்கப்பட்டிருக்கிறதா என்று நுண்ணெழுத்தில் பாருங்கள்.

5. தலைக்கும் உடம்புக்கும்

மூன்று மாநிலங்களிலும் ஹெல்மெட் கட்டாயம். பின்னால் டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) என்ற ஒட்டு இருக்கவேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் இங்கே கணக்கில் வராது. 150 டாலருக்கு நல்லதே கிடைக்கிறது. காது அடைப்பான் வாங்குங்கள், இரண்டு டாலர்தான். நாள் முழுக்கக் காற்று இரைச்சலைக் கேட்டால் ராத்திரி படுத்தபிறகும் காதுக்குள் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

மழைக்கோட்டு கட்டாயம். கோடையில் இங்கே நம் சென்னைப் புழுக்கம்தான், பிற்பகலில் இடிமழை. ஏப்ரல் பின்பாதி, மே, அக்டோபர் மாதங்கள் நல்லவை. வசந்த காலத்தில் டொர்னேடோ என்ற சுழற்காற்று எச்சரிக்கை வரும். வானிலைச் செயலியில் எச்சரிக்கை ஒலியை அணைத்துவைக்காதீர்கள்.

6. நாள் கணக்கு

444 மைலை 50 வேகத்தில் வகுத்தால் ஒன்பது மணி நேரம், ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். முதல் நாள் நாஷ்விலிலிருந்து டுபெலோ, சுமார் 180 மைல். இரண்டாம் நாள் டுபெலோவிலிருந்து ஜாக்சனை ஒட்டிய ரிஜ்லேண்ட், 160 மைல். மூன்றாம் நாள் ரிஜ்லேண்டிலிருந்து வின்ட்ஸர் பார்த்துவிட்டு நாட்செஸ். திரும்ப இரண்டு நாள். முழுப் பாதையும் ஒரே நேர மண்டலம் என்பதால் கடிகாரத் தொல்லை இல்லை.

மைல் கற்கள் தெற்கே நாட்செஸில் பூஜ்யத்தில் தொடங்குகின்றன. அதனால் நாஷ்விலிலிருந்து போகும்போது எண் குறைந்துகொண்டே வரும். இந்தச் சாலையில் யாரைக் கேட்டாலும் மைல் எண்ணைத்தான் சொல்வார்கள். வண்டி நின்றுபோய் உதவி கேட்டாலும் முதல் கேள்வி அதுதான். கடைசியாகப் பார்த்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளும் பழக்கம் நல்லது. பூங்காத் துறையின் அவசர எண் 1-800-300-7275. போனில் மட்டும் வைக்காமல் ஒரு சீட்டிலும் எழுதி பர்ஸில் வையுங்கள். நடுவில் நீண்ட தூரத்துக்கு சிக்னலே வராது. வரைபடத்தையும் வீட்டிலேயே இறக்கிவைத்துவிடுங்கள்.

தங்க நான் மோட்டல்தான் எடுத்தேன், இரவுக்கு 95 டாலர் கணக்கு. கூடாரம் போடத் தெரிந்தவர்களுக்கு மெரிவெதர் லூயிஸ் (மைல் 385.9), ஜெஃப் பஸ்பி (193.1), ராக்கி ஸ்பிரிங்ஸ் (54.8) மூன்று இடங்களிலும் இலவச முகாம் உண்டு. முன்பதிவு கிடையாது, முதலில் வருபவருக்கு முதலிடம். மின்சாரமும் குளியலறையும் இல்லை. திறந்திருக்கிறதா என்று பூங்காத் துறையின் தளத்தில் முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. பெட்ரோல்

பார்க்வேயில் பெட்ரோல் பங்க் ஒன்றுகூடக் கிடையாது. வெளிவழியில் இறங்கி ஊருக்குள் போய்ப் போட்டுக்கொண்டு திரும்ப வரவேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டும் நான் மாட்டினேன். அலபாமாவில் போட்டது, டுபெலோவில் காலைச் சாப்பாட்டு அவசரத்தில் மறந்துவிட்டேன். பிரெஞ்ச் கேம்ப் என்ற இடத்தைத் தாண்டியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது. அடுத்த ஊர் காஸியஸ்கோ, இருபது மைல். வேகத்தை 40-க்குக் குறைத்து, தொட்டியின்மேல் குனிந்து படுத்துக்கொண்டு, இறக்கத்தில் கிளட்சைப் பிடித்து உருட்டிக்கொண்டு போனேன். மைல் 160-இல் வெளியேறும்போது உதட்டில் முருகன் பெயர். காஸியஸ்கோவில் இறங்கினால் சாலைக்குப் பக்கத்திலேயே பங்க் இருக்கிறது.

அதிலிருந்து என் கணக்கு இது: நூறு மைலுக்கு ஒரு தடவை, முள் எங்கே நின்றாலும் சரி. டுபெலோ, காஸியஸ்கோ, ரிஜ்லேண்ட், போர்ட் கிப்சன் இந்த நாலையும் குறித்துக்கொள்ளுங்கள். பங்கில் நாசிலின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நிற்காதீர்கள், கையிலேயே பிடித்திருங்கள். காருக்குச் சரி, பைக் தொட்டிக்கு அது வழிந்து சூடான இன்ஜினில் கொட்டும். மொத்தப் பெட்ரோல் செலவு எனக்கு 55 டாலரைத் தாண்டவில்லை.

8. சாலையில்

வேக வரம்பு 50, சில இடங்களில் அதற்கும் கீழே. காலியான சாலை, அழகான வளைவு, கை தானாக முறுக்கும். பூங்காக் காவலர்களான ரேஞ்சர்கள் ரேடாரோடு நிற்கிறார்கள். இது மத்திய அரசின் சாலை, அபராதமும் மத்திய நீதிமன்றத்துக்குப் போகும். விசாவில் இருப்பவர்களுக்கு அந்த வம்பு எதற்கு?

நிறுத்தினால் ஓரமாக ஒதுங்கி இன்ஜினை அணைத்துவிட்டு, கைகளை ஹேண்டில்பாரிலேயே வையுங்கள். ஊரில் போலீஸ் நிறுத்தினால் இறங்கி ஓடிப்போய் "சார்" என்போமே, அதை இங்கே செய்யாதீர்கள். அவர் வருவார். லைசென்ஸ், வாடகை ஒப்பந்தம், இன்சூரன்ஸ் சீட்டு மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு எளிதாக எடுக்கும் இடத்தில் வையுங்கள், எடுக்கும் முன் "எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எடுங்கள். ஐ-94 நகலும் அதிலேயே இருக்கட்டும்.

இருட்டிய பிறகு ஓட்டவே ஓட்டாதீர்கள். மான் தனியாக வருவதில்லை. ஒன்று கடந்துவிட்டதே என்று நீங்கள் மூச்சுவிடும்போதுதான் இரண்டாவது வரும். மாலை ஐந்து மணிக்கே நான் இருபதுக்கு மேல் எண்ணினேன்.

நின்று பார்க்க நிறைய இருக்கிறது. மைல் 438-இல் இரட்டை வளைவுப் பாலம், 122-இல் சைப்ரஸ் சதுப்பு, 41.5-இல் பழைய நடைபாதை மண்ணுக்குள் அமிழ்ந்து கிடக்கும் இடம். சதுப்பில் மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள், பச்சைத் தண்ணீருக்குள் மரங்கள் நிற்கும் காட்சி பிச்சாவரத்தை நினைவூட்டும்.

9. வின்ட்ஸர்

ரிஜ்லேண்டிலிருந்து காலை எட்டுக்குக் கிளம்பினால் பத்தரைக்குள் போர்ட் கிப்சன் வந்துவிடலாம். ஒரு தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் வானத்தைக் காட்டும் தங்க நிறக் கை இருக்கும், அதுதான் ஊர் அடையாளம். பெட்ரோல், தண்ணீர், கழிவறை மூன்றையும் இங்கேயே முடித்துவிடுங்கள். இதற்கப்புறம் கடை கண்ணி எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

ஊரிலிருந்து ராட்னி சாலையில் தென்மேற்கே சுமார் 10 மைல். சாலை குறுகல். இரண்டு பக்கமும் மண்சுவர்போல உயர்ந்த கரை, மேலே மரங்கள் கைகோத்து நிற்கும். வளைவுகளில் சரளை சிதறிக் கிடக்கும், 30-க்கு மேல் போகவேண்டாம். பலகை சின்னது, நான் தாண்டிப்போய்த் திரும்பி வந்தேன்.

நுழைவுக் கட்டணம் இல்லை. சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம்வரை திறந்திருக்கும். மாநிலத்தின் ஆவணக் காப்பகத் துறை பராமரிக்கிறது. வண்டியை நிறுத்தும்போது ஒரு சின்ன விஷயம்: மண் இளகல், சைட் ஸ்டாண்டு உள்ளே இறங்கி வண்டி சாயும். நசுக்கிய சோடா டப்பா ஒன்றைப் பையில் வைத்திருந்து ஸ்டாண்டுக்கு அடியில் போடுங்கள். கடையில் இதற்கென்றே வட்டத் தகடு விற்கிறார்கள், டப்பாவே போதும்.

மரங்களுக்கு நடுவே திரும்பியதும் தூண்கள் தெரியும். 45 அடி உயரம். 23 தூண்கள் முழுசாக நிற்கின்றன. கூரை இல்லை, சுவர் இல்லை, எதையும் தாங்காத தூண்கள் செவ்வகமாக நிற்கின்றன, நடுவில் புல். நம் ஊர்க் கல் தூண் என்று நினைத்துக்கொண்டு போனேன். கிட்டப் போய்ப் பார்த்தால் செங்கல்! மேலே பூசிய சாந்து பாளம் பாளமாக உரிந்த இடத்தில் சிவப்பு தெரிகிறது. உச்சியில் இலை வேலைப்பாடுள்ள போதிகை வார்ப்பிரும்பு, துருவேறிக் கிடக்கிறது. இரண்டு தூண்களுக்கு நடுவே, இரண்டாம் மாடி உயரத்தில், பழைய இரும்புக் கைப்பிடிச் சுவர் ஒரு துண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. யார் கைவைத்து நின்ற மாடியோ.

இவ்வளவு தெரிந்திருந்தால் போதும்: 1859-இல் தொடங்கி 1861-இல் முடித்தார்கள். பருத்தித் தோட்ட முதலாளி ஸ்மித் காஃபி டேனியல் கட்டியது. வீடு முடிந்த சில வாரங்களில் 34 வயதில் அவர் இறந்துபோனார். 1890 பிப்ரவரி 17 அன்று தீப்பிடித்து எல்லாம் போயிற்று. அந்தச் செங்கல்லைச் சாலைக்கு எதிர்ப்புறம் சூளை போட்டுச் சுட்டவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். படம் எடுக்க வருகிறவர்கள் பலர் அதைக் கேட்பதேயில்லை என்பதால் சொல்கிறேன்.

தூண்களுக்கு ரொம்ப அடியில் போகாதீர்கள், வேலியோ கயிறோ கட்டியிருந்தால் தாண்டாதீர்கள். சாந்து உதிரும். ட்ரோன் பறக்கவிட நினைப்பவர்கள் துறையிடம் முன்பே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, செருப்புக்கு மாறாதீர்கள். வெக்கையாக இருக்கிறதே என்று பூட்ஸைக் கழற்றிவிட்டு ரப்பர் செருப்போடு புல்லில் நின்று முழுத் தூணும் படத்தில் வரப் பின்னால் பின்னால் போனேன். கால் பதிந்தது நெருப்பெறும்புப் புற்று. மூன்று நொடி ஒன்றும் தெரியாது, அப்புறம் எல்லாம் ஒரே சமயத்தில் கடிக்கும். வெள்ளைக் கொப்புளம் ஒரு வாரம் இருந்தது. அன்று மாலை பூட்ஸுக்குள் காலை நுழைத்த வேதனையைச் சொல்லி மாளாது. ஒவ்வாமை மாத்திரையும் உண்ணிக்கு அடிக்கும் மருந்தும் பையில் இருக்கட்டும்.

ஒரு மணி நேரம் போதும். வந்த வழியே திரும்பாமல் 552-ஆம் எண் சாலையில் தொடர்ந்து போனால் அல்கார்ன் பல்கலைக்கழகம் வரும். வின்ட்ஸர் மாளிகையின் இரும்புப் படிக்கட்டு இப்போது அங்கே ஓக்லாண்ட் தேவாலயத்தின் முகப்பில் இருக்கிறது. தூண்களைப் பார்த்தவர்கள் படியையும் பார்த்தால்தான் அந்த வீடு எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும் என்று பிடிபடும். எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடித்தது. அங்கிருந்து 61-ஆம் நெடுஞ்சாலையைத் தொட்டு, மைல் 30 பக்கம் மறுபடி பார்க்வேயில் ஏறிவிடலாம்.

வின்ட்ஸரை விட்டுக் கிளம்பும்போது ஒரு நிமிடம் நின்று "வலது பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள். எதிரே வண்டியே இல்லாத குறுகிய கிராமத்துச் சாலையில் மனது நேராக ஊருக்குப் போய்விடும். நான் கால் மைல் தூரம் இடது பக்கமாகவே ஓட்டியிருக்கிறேன். எதிரே வந்த பிக்கப் வண்டிக்காரர் விளக்கை அடித்து அடித்து நினைவுபடுத்தினார். நகரத்தில் இந்தத் தப்பு வராது, நாலு கார் முன்னால் போகும். ஆள் இல்லாத இடத்தில்தான் வரும். பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வரும்போதும் இதே ஆபத்து.

மாலை நாலுக்குள் மறுபடி பார்க்வேயில் இருந்தால் வெளிச்சத்திலேயே நாட்செஸ் சேரலாம்.

10. செலவும் வண்டியைத் திருப்பிக் கொடுப்பதும்

என் கணக்கு, ஒரு ஆளுக்கு: ஐந்து நாள் வாடகை 550, சேதக் காப்பு 150, பெட்ரோல் 55, நாலு இரவு தங்கல் 380, சாப்பாடு 150. ஆக 1,285 டாலர். ஒரு தடவைச் செலவாகப் பயிற்சி வகுப்பு 325, ஹெல்மெட் 150, கையுறையும் ஜாக்கெட்டும் 200. வீணாய்ப்போன அந்த 100-ஐ இதில் சேர்க்கவில்லை. முகாமில் தங்குகிறவர்களுக்கு 300 டாலர் மிச்சம். சைவம் சாப்பிடுகிறவர்கள் எலுமிச்சை சாதம், புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். வழியில் பொரித்த கோழியும் கெளுத்தி மீனும்தான்.

வண்டியை எடுக்கும்போதே நாலு பக்கமும், இரண்டு சக்கரமும், ஓடிய மைல் எண்ணும் தெரியும்படி வீடியோ எடுத்துவையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது கடைக்கு அருகில் உள்ள பங்கில் தொட்டியை நிரப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தி, மறுபடி அதே வீடியோ. என்னிடம் சைலன்சரில் கீறல் என்று ஆரம்பித்தார்கள். முதல் நாள் வீடியோவில் அந்தக் கீறல் இருந்ததைக் காட்டியதும் பேச்சு மாறியது. பிடித்துவைத்த வைப்புத்தொகை கார்டில் விடுபட எனக்கு ஆறு வேலை நாள் ஆயிற்று. அந்த வாரம் வீட்டு வாடகையை அதே கார்டில் கட்ட நினைத்திருந்தால் வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.